மகாமுனி அவர்கள் மேடைக்கு வரவும்

வாசலிலேயே ஒரு தோல்வி.
பன்னிரண்டு வயசுக்குக் கீழே பாதி டிக்கட் என்று
தலவாக்கலையிலிருந்து பஸ்ஸில் பாடம் சொல்லிக்கொண்டு வந்தும்
நெஞ்சை நிமிர்த்திப் "பதின்மூன்று" என்றான் ருக்‌ஷான்.
முழுக்காசு கொடுத்தேன்.

நுவரெலியா மைதானம் நிறையக் கூடாரம்.
பனி இறங்கி வந்து
டிக்கட் எடுக்காமலே உள்ளே நுழைந்திருந்தது.
பித்தளை விளக்குகள்,
பல்லைக் காட்டும் மரமுகமூடிகள்,
மெழுகும் சாயமும் மணக்கும் பத்திக் துணிகள்.
"தொடலாமா?" என்று கேட்டுக் கேட்டே
எல்லாவற்றையும் தொட்டாள் டிலோஷினி.
விலைச்சீட்டைத் திருப்பிவிட்டு
சுட்டதுபோலக் கையை எடுத்தேன் நான்.

ஒரு தட்டில்
கொழுந்துக் கூடையோடு மரப்பொம்மை,
காதுவரை சிரிப்பு.
இவ்வளவு சிரிக்க
எந்த மலையில் பேர் போடுகிறாளோ.

அடுத்தது பனையோலைக் கடை.
"எங்கையிருந்து வாறியள்?"
அந்தத் தமிழுக்கு எனக்கு ஒரு நொடி வேண்டியிருந்தது.
என் தமிழுக்கு அவளுக்கும்.
பருத்தித்துறையாம். இரவு முழுக்கப் பஸ்.
சேலைக்கு மேல் இன்னொரு சேலையைச் சுற்றியும்
பல் தந்தியடித்தது.
"மனுசர் இருக்கிற இடமோ இது?"
"இது குளிரே இல்லீங்க, தை மாசம் வந்து பாருங்க."
சிரித்தாள். சிரிப்பும் நடுங்கியது.

ஊசி நூல் போட ஒரு மூடிப்பெட்டி எடுத்தேன்.
பேரம் பேச வாயைத் திறந்து
விறைத்த விரலால் அவள் சில்லறை எண்ணுவதைக் கண்டு
மூடிக்கொண்டேன்.

திரும்பிப் பார்த்தால்
மனுசனைக் காணோம்.

தேத்தண்ணிக் கடையில் இல்லை.
ராட்டினத்தடியில் இல்லை.
போன் அடித்தால்
என் பைக்குள்தான் மணி கேட்டது.
ஒலிபெருக்கி அறைக்கு ஓடினான் ருக்‌ஷான்.

முதலில் சிங்களத்தில் வந்தது:
மகாமுனி அவர்கள் உடனடியாக மேடைக்கு வரவும்.

மாமனார் வைத்தது குலசாமி பெயர்.
சிங்களத்தில் அது புத்தரையும் குறிக்குமென்று
எனக்கு அப்போதுதான் உறைத்தது.
வெள்ளைச் சட்டைப் பெரியவர் ஒருவர்
நடையை நிறுத்தி அண்ணாந்து பார்த்தார்.
முகமூடிக் கடைப் பையன்கள் வாய்பொத்திச் சிரித்தார்கள்.
அறிவிப்பாளர் இருமினார்.
துண்டுக் காகிதம் சரசரத்தது.
மறுபடியும் அதேதான்,
இந்த முறை இன்னும் பணிவாக.

வந்தார் மகாமுனி,
முழங்கைவரை சேறு.
குயவர் சக்கரத்தில் உட்கார வைத்தார்களாம்,
இருநூறு ரூபாயாம்,
செய்ததைக் கையோடு கொண்டுபோகலாமாம்.
ஏந்தி நின்றதைக் காட்டினார்.
"கோப்பையா அப்பா?"
"சாம்பல் தட்டா?"
"இன்னும் முடிவு பண்ணலை" என்றார்.

இருபது வருசம் கவ்வாத்துக் கத்தி பிடித்த கை.
ஒன்றை வெட்டாமல்
தொட்டுத் தொட்டு உயர்த்தியதை
நான் பார்க்கத் தவறிவிட்டேன்.
திட்டினேன். திட்டாமலா?

போகிற வழியில் பனையோலைக் கடை முன்னால் நின்று
அவர் தலையிலிருந்த கம்பளித் தொப்பியைக் கழற்றினேன்.
இரண்டு கையிலும் ஈரமண்.
தடுக்க முடியவில்லை அவரால்.
கொண்டைமேல் உட்கார மறுத்த தொப்பியைக்
காதுவரை இழுத்துவிட்டுக்கொண்டாள் பருத்தித்துறைக்காரி.
வேண்டாமென்று சொல்லச் சொல்ல
ஒரு விசிறியை என் கையில் திணித்தாள்.

நுவரெலியாவில் விசிறி!

நானுஓயா வளைவுகளில்
மடியில் மண்ணை வைத்துக்கொண்டு
மூச்சுவிடாமல் உட்கார்ந்திருந்தார் மனுசன்.
காய்ந்தால் நல்லதென்று
அதற்கு விசிறிக்கொண்டே வந்தாள் டிலோஷினி.
ஒவ்வொரு வளைவிலும் அது
கொஞ்சம் வேறாகிக்கொண்டிருந்தது.

"இது என்ன?" என்று கண்டக்டர் குனிந்து கேட்டார்.
நாலு பேரும்
நாலு பதில் சொன்னோம்.