முக்கோணம்

எஸ்டோனியப் பக்கம் ஒரு வல்கா,
லாட்வியப் பக்கம் ஒரு வல்கா.
அவர்கள் எழுத்தில் ஓரெழுத்து வேறு;
தமிழில் எழுதினால் அதுவும் இல்லை.
நடுவில், தாண்டினால் கால் நனையாத ஓடை.

பீர்மேல் கலால் வரி ஏறிய மாதம்
மைமு தம் கடையின் விலைச்சீட்டை
மூன்று முறை எழுதிக் கிழித்தார்.
புட்டிக்கு முப்பது சென்ட்.
முப்பதையும் விலையில் ஏற்றினால்
வாங்க வந்தவர் வாசலோடு திரும்புவார்.
ஏற்றாவிட்டால்
குளிர்பெட்டிக்கு மின்கட்டணம் யார் கட்டுவது?
பதினெட்டை ஏற்றினார்.
பன்னிரண்டை விழுங்கினார்.

இந்தப் பதினெட்டும் பன்னிரண்டும்
எந்தச் சட்டத்திலும் இல்லை.
வரி எவ்வளவு என்பதை அரசு சொல்லும்;
யார் தலையில் என்பதை
யாருக்கு வேறு வழியில்லை என்பது சொல்லும்.

தலைநகரில் கணக்குப் போட்டவர்கள்
போன வருடத்துப் புட்டிகளைப்
புது வரியால் பெருக்கினார்கள்.
பெருக்கல் சரி.
புட்டிகள்தாம் அங்கே இல்லை.
சனிக்கிழமைகளில் அவை
ஓடைக்கு அந்தப் பக்கம்
கார் டிக்கிகளில் கிணுகிணுத்தன.
இல்க்வார்ஸ் தம் கடைக்கு இரண்டாம் கதவு வைத்தார்,
அதன்மேல் எஸ்டோனிய மொழியில்
'மீண்டும் வருக', ஓர் எழுத்துப்பிழையுடன்.
விதைத்தது ஒரு கஜானா,
அறுத்தது இன்னொன்று.

ஹெல்டுர் மட்டும் அக்கரை போகவில்லை.
கார் இல்லை. மூட்டுவலி வேறு.
வெள்ளிதோறும் இரண்டு புட்டி,
ஒரு பொட்டலம் உப்பு மீன்,
பனியைப் பற்றி அரைமணி நேர வசவு.
இரண்டு ஒன்றாயிற்று. பிறகு அதுவும் நின்றது.
பதினெட்டு சென்ட்டுக்காகவா என்று கேட்காதீர்கள்.
விளிம்பில் நிற்பவரைச் சுண்டுவிரலே தள்ளிவிடும்.

அவர் குடிக்காத புட்டியால்
அரசுக்கு வரி இல்லை,
மைமுவுக்கு லாபம் இல்லை,
அவருக்கோ தாகம் தீரவில்லை.
யார் பையிலும் விழாமல் போன காசு அது.
பாடப்புத்தகத்தில்
இரண்டு கோடுகள் வெட்டுமிடத்தை ஒட்டி
சின்ன முக்கோணமாகக் கறுப்படித்துக் காட்டுவார்கள்.
மைமுவுக்குக் கோடுகள் தெரியாது.
வெள்ளி மாலை ஆறு மணிக்குக்
கதவு மணி அடிக்காதது தெரியும்.

ஜூனில் மகளுக்குக் கல்யாணம்.
இருபது பெட்டி பீர் வேண்டும்.
தம் கொள்முதல் விலையிலேயே
இரண்டு தடவை கூட்டிப் பார்த்தார்.
பிறகு கதவில்
'மதியம் கடை இல்லை' என்று மாட்டிவிட்டு
தெரிந்த முகம் தென்படாத பாலம் எது என்று யோசித்தார்.

எல்லாப் பாலத்திலும்
தெரிந்தவர்களே எதிரே வந்தார்கள்,
டிக்கி தாழ்ந்து,
ஜன்னல் கண்ணாடியை ஏற்றிக்கொண்டு.