இந்தப் பக்கம் வேண்டுமென்றே வெறுமையாக விடப்பட்டுள்ளது

பினாங்கு, சுங்கை நிபோங்கில்
டயர்க் கடைக்கு மேலே இரண்டாம் மாடியில் இருக்கிறது
எங்கள் விமான நிறுவனம்.
விமானம் இல்லை.
ஒரு நகலெடுக்கும் இயந்திரம் இருக்கிறது,
ஒழுகும் ஏர்கோன், பதினொரு நாற்காலிகள்,
ஈப்போவுக்கும் லங்காவிக்கும் சிவப்பில் கோடிழுத்த வரைபடம்,
அப்புறம் நான்.

கையேடு எழுதுவது என் வேலை.
நான்கு தொகுதிகள்.
இல்லாத விமானத்தின் இல்லாத பதினேழாம் வரிசையில்
ஒருவருக்கு நெஞ்சு வலித்தால்
யார் முதலில் எழவேண்டும் என்று எழுதினேன்.
பிள்ளை பிறந்தால் குறிப்பேட்டில்
எந்த ஊர் நேரத்தைப் போடுவது?
அரைநாள் யோசித்தேன்.
கீழே யாருடைய டயரிலோ
காற்று ஏறிக்கொண்டே இருந்தது.

உரிமம் கேட்டுப் போனால்
சான்றிதழ் எங்கே என்கிறார்கள்.
சான்றிதழுக்குப் போனால்
விமானம் எங்கே என்கிறார்கள்.
விமானத்துக்குப் போனால் குத்தகைக்காரன்
உரிமத்தைக் காட்டு என்கிறான்.
பைத்தியம் தெளிந்தால் கல்யாணம்,
கல்யாணம் ஆனால் பைத்தியம் தெளியும்.

கணக்குப் பார்க்கும் சியா சியூ லானிடம் ஒரு படிவம்:
ஒரு டிக்கெட்டும் விற்காமல்
எத்தனை மாதம் உயிரோடிருப்பீர்கள்?
இருபது வருடம் லாபம் எழுதிப் பழகிய கை அது.
முதன்முறையாகப் பட்டினியைக்
கட்டம் கட்டி எழுதச் சொல்கிறார்கள்.
எழுதினாள்.
கூட்டிப் பார்த்துவிட்டுக்
காப்பி-ஓ வாங்க இறங்கிப் போனாள்,
ஒரு மணி நேரம் வரவில்லை.

புத்ராஜெயாவிலிருந்து ஆய்வாளர் ருஷ்டான் வந்தார்.
மெலிந்த மனிதர், சட்டைப்பையில் பென்சில்.
எட்டாம் அத்தியாயத்தில் விரல் வைத்து,
பணிப்பெண் இருக்கை ஒவ்வொன்றின் அருகிலும்
டார்ச் லைட், மின்கலம் தேதியோடு, என்றார்.
கதவருகே ஒன்று போதாதா என்றேன்.
ஒரு தடவை ஒன்றுதான் இருந்தது, என்றார்.
எங்கே, எப்போது என்று நான் கேட்கவில்லை.
அவரும் பக்கத்தைப் புரட்டவில்லை கொஞ்ச நேரம்.

என் முதலாளி கோதண்டபாணிக்குப்
பதினான்கு லாரிகள், உறைந்த கோழி ஏற்றுபவை.
சத்தியப் பிரமாணத்துக்கு
பிஷப் தெருவுக்கு அழைத்துப்போனேன்.
கையெழுத்துக்குப் பத்து வெள்ளி,
சுவரில் ஜாலான் கோர்ட்டு ஆணையரின் மங்கிய படம்.
பொறுப்பு மேலாளர் என்ற இடத்தில்
அவர் பேர் அச்சாகியிருந்தது.
பேனாவைத் திறந்தவர்
மூக்குக் கண்ணாடியையும் எடுத்துப் போட்டுக்கொண்டார்.
இரண்டு மாதமாக ஒரு தாளையும் வாசிக்காத மனிதர்
இதை விரல் நகர்த்தி வாசித்தார்.

"லாரி கவிழ்ந்தா டிரைவரைத் தேடுவாங்க."
ஆமாம் முதலாளி.
"இதுல?"
உங்களை.
"உள்ளே கோழி இல்லை" என்றார்,
யாரிடமும் இல்லாமல்.
மின்விசிறி மூன்று சுற்று சுற்றியிருக்கும்.
பிறகு போட்டார்,
செக்கில் போடும் கிறுக்கல் அல்ல,
முழுப் பேர், தமிழில், ஒவ்வொரு எழுத்தாக.
ஆணையர் ஒன்றும் சொல்லாமல் முத்திரை குத்தினார்.

ஐந்து வாரம் கழித்துப் பெட்டி திரும்பி வந்தது.
பணத்தில் குறையில்லை,
ஆட்களில் குறையில்லை.
இருநூற்றுப் பன்னிரண்டாம் தாளின் பின்புறமும்
இன்னும் அறுபத்தெட்டு இடங்களும்
சும்மா காலியாக இருக்கின்றனவாம்.
தொலைபேசியில் ருஷ்டான் பொறுமையாகச் சொன்னார்:
ராத்திரி, மழை, ஒரு விளக்கு எரிகிறது,
விமானி இந்தப் புத்தகத்தைத் திறக்கிறார்.
எதிரே வெள்ளைத் தாள்.
எழுத மறந்ததா, அச்சில் விட்டுப்போனதா,
எழுத ஒன்றும் இல்லையா?
அவரை யோசிக்க வைக்காதீர்கள்.

இப்போது மணி பதினொன்று.
கடைக்காரன் ஷட்டர் இழுக்கும்போது
எப்போது பறக்கும் என்று கேட்டான்.
பக்கம் சரியில்லை என்றேன்.
பங்க்சர் என்று நினைத்துக்கொண்டானோ என்னவோ,
அனுதாபமாகத் தலையாட்டிவிட்டுப் போனான்.

ரப்பர் முத்திரையை மையில் தொட்டு
ஒவ்வொரு வெறுமைக்கும் ஒரு வரி வைக்கிறேன்:
வேண்டுமென்றே. வேண்டுமென்றே. வேண்டுமென்றே.
கோலாலம்பூரிலிருந்து வரும் கடைசி விமானம்,
வேறு யாருடையதோ,
ஜன்னல் கண்ணாடியை ஆட்டிவிட்டு
பாயான் லெப்பாஸில் இறங்குகிறது.
அந்த அதிர்வில்
நாற்பத்தொன்றாவது முத்திரை இழுபட்டுவிட்டது.
அந்தத் தாளை மட்டும்
மறுபடி அச்சடிக்க வேண்டும்.