நாற்பது மஞ்சள்

கடியாபட்டியில், பூட்டியே கிடந்த வீட்டின்
இரண்டாங்கட்டுச் சுவருக்கு
ஒரு நாளைக்கு நாற்பது முட்டை.
வெள்ளை எனக்கு. சுண்ணாம்போடு போய்ச்
சுவரில் கண்ணாடியாகும்.
மஞ்சள் யாருக்கு என்று
எனக்கு வேலை சொன்ன எவரும் சொல்லவில்லை.

பாண்டிமீனாள்தான் உடைப்பாள்.
ஓட்டிலிருந்து ஓட்டுக்கு மாற்றி மாற்றி
கரு கலையாமல் இறக்குவாள்,
தூங்குகிற பிள்ளையை மடி மாற்றுகிற மாதிரி.
பதினோரு நாள் தின்றோம்.
பொடிமாஸ், குழம்பு,
வெள்ளையே இல்லாத ஆம்லேட்டு.
தெருவுக்கும் கொடுத்தோம்,
தெரு கதவைச் சாத்திக்கொண்டது.
பன்னிரண்டாம் நாள் பிகாஷ்
தட்டை என் பக்கம் தள்ளி
"மேஸ்திரி, மஞ்சள் போதும்" என்றான்.
ஒடிசாவிலிருந்து வந்து
அவன் முழுசாகப் பேசிய முதல் தமிழ் அது.

அன்று ராத்திரி அவள் போனில் ஒரு ஆள்.
எந்த ஊரோ, வாய் ஓயாமல் பேசுகிறான்,
கை மட்டும்தான் புரிந்தது.
ஒரு கிலோ மாவு. நாற்பது கரு. தண்ணீர் கிடையாது.
நாற்பது!
"நம்ம கணக்குத்தான்" என்றாள்.

ஞாயிறு, அரை நாள் வேலை.
சுண்ணாம்பு தின்ற விரல்களைப்
புளி போட்டு மூன்று தடவை கழுவிவிட்டு
பலகையில் மைதாவைக் குவித்தேன்.
நடுவில் குழி பறிக்கச் சொன்னாள்.
சொல்லணுமா எனக்கு?
இருபத்தாறு வருஷமாக சிமெண்ட்டும் மணலும் குவித்து
குழி பறித்துத் தண்ணீர் விட்ட கை.
கரை உடையாமல் உள்பக்கமாகவே சுரண்டினேன்,
ஒரு சொட்டு வெளியே ஓடவில்லை.
அதற்கப்புறம்தான் தெரிந்தது
எனக்குத் தெரிந்தது அவ்வளவுதான் என்று.

மாவு சேரவில்லை. பழைய காரை மாதிரி உதிர்ந்தது.
தண்ணீர்ச் செம்பை எடுத்தேன்,
பிடுங்கி வைத்தாள்.
பிகாஷ் ஒன்றும் பேசாமல் சட்டையைக் கழற்றிவிட்டு
உள்ளங்கை அடியால் அழுத்தினான், மடித்தான், அழுத்தினான்.
அவன் வீட்டில் ரொட்டிக்கு அவன்தானாம்.
கால் மணி. அரை மணி.
திடீரென்று அது மாவாக இல்லை,
காது மடல் மாதிரி இருந்தது.

ஈரத்துணி போர்த்தி ஊறவிட்டோம்.
அந்தக் காத்திருப்பு எனக்குப் பழக்கம்.

உருட்ட, வாங்கி இன்னும் பொருத்தாத
இரண்டு இஞ்சு பிவிசி குழாய்.
தகடு விரிய விரிய
அடியில் பலகையின் கீறல்கள் தெரிந்தன.
நூல் பிடித்து,
புதுக் கொத்துக்கரண்டியால் வெட்டினேன்.
ஒரு கோடு கோணவில்லை.
இதை மட்டும் நானே சொல்லிக்கொள்கிறேன்.

காயப்போட இடம்?
சாரத்துக் கயிறு இருந்தது.

அப்போது பார்த்து ஈப்போவிலிருந்து
சேவுகன் வீடியோவில் வந்தார்.
"சுவரைக் காட்டுங்க மேஸ்திரி."
காட்டினேன்.
"முன்னாடி என்ன, மஞ்சளாத் தொங்குது?"
பாண்டிமீனாள் முந்தானையை வாயில் அடைத்துக்கொண்டாள்.
"நூலுங்க" என்றேன். "மட்டம் பார்க்க."
"அவ்வளவு நூலா?"
"பெரிய சுவருங்க."

கொதிக்கிற தண்ணீரில் ரெண்டு நிமிஷம்.
நல்லெண்ணெயில் கிள்ளிப் போட்ட வரமிளகாய்,
சின்ன வெங்காயம், பூண்டு,
நேற்றைய உப்புக்கறி கொஞ்சம்.
முதல் ஈடு களியாய் ஒட்டிப்போனது, நாய்க்கு.
இரண்டாவதை,
வாளிகளைக் கவிழ்த்துப்போட்டு உட்கார்ந்து
கையால் தூக்கி அண்ணாந்து இறக்கினோம்.
பிகாஷ் தட்டை என் பக்கம் தள்ளினான்,
இன்னும் போடச் சொல்லி.

சாயங்காலம் பார்த்தால் ஒரு இழை
கயிற்றிலிருந்து நழுவி
காலையில் பூசிய சுவரில் ஒட்டியிருந்தது.
உரித்தேன். மயிரிழை போல ஒரு தடம்.
கூழாங்கல்லால் நாலு இழுப்பு இழுத்தால் போய்விடும்.
கல் கையில்தான் இருந்தது.

நாளைக்கும் நாற்பது சொல்லியிருக்கிறேன் முட்டைக்காரனிடம்.
பாண்டிமீனாள் ஐம்பதாச் சொல்லு என்கிறாள்.
சுவருக்கா என்று நான் கேட்கவில்லை.