பதினொரு விநாடி

வூப்பர்டாலில் சனிக்கிழமை பின்நேரம், மழை.
விளையாட்டுச் சாமான் கடையின் இரண்டாம் மாடியில்
குந்தியிருக்கிறேன்.
எனக்கு முன்னால் ஒரு கரடி.

"மாடு எங்கே?" என்கிறது.
நான் பேசவில்லை. விரலும் அசைக்கவில்லை.
ஒன்று, இரண்டு, மூன்று,
நான்கில் அதற்குப் பொறுக்கவில்லை:
"மாடு இதோ! சூப்பர்!"
வயிற்றில் பச்சை விளக்கு, கைதட்டல்.
எதற்குப் பாராட்டினார்கள் என்று தெரியாமலே
கரடியைத் திருப்பி வைத்தேன்.

ஊதா நிற மடிக்கணினி, ஐந்து விநாடி.
பேசும் பேனா மூன்றுதான்,
அதற்குள் அடுத்த பக்கத்துப் பூனைக்குப் போய்விடுகிறது.
உலக உருண்டை ஆறுவரை தாங்கியது,
பிறகு யானையாகப் பிளிறியது.
எத்தனை பாட்டு, எத்தனை சொல், எத்தனை மொழி,
எல்லாம் பெட்டியில் போட்டிருக்கிறது.
எவ்வளவு நேரம் வாயை மூடிக்கொண்டிருக்கும் என்று
ஒருவரும் எழுதவில்லை.

துவாரகனுக்கு நாலரை வயது.
ஒன்றைக் கேட்டால்
சொல் உள்ளேயிருந்து படியேறி வரப்
பதினொரு விநாடி ஆகும்.
சில நாள் ஒன்பது. காய்ச்சலென்றால் இருபது.
அவனுக்குத் தெரியாமல்
அடுப்பு மணிக்கூட்டில் அளந்திருக்கிறேன்.
வரும்போது முழுசாக வரும்:
"நேற்று மிஞ்சின கேக், அந்த நீல மூடிப் பெட்டிக்குள்ள இருக்கிறது."

பாலர் பள்ளியில் திருமதி பிரிங்க்மன்
அன்பாகத்தான் சொன்னார்:
கேள்வி கேட்கிற விளையாட்டு ஏதும் வாங்குங்கள், பழகட்டும்.
சொல்லிக்கொண்டே குனிந்து
உன் சப்பாத்து என்ன நிறம் என்றார்.
இரண்டாவது விநாடியில் அவரே, "சிவப்பு, இல்லையா?"
அவன் தலையாட்டினான்.
வீதிக்கு வந்த பிறகு என்னிடம் சொன்னான்,
செங்கல் நிறம்.

நானும் திறமில்லை.
ஏழு மணிக்கு முதியோர் இல்லத்தில்
இருபத்திரண்டு பேருக்குக் காலைச் சாப்பாடு.
"பாலா, தேத்தண்ணியா, கெதியாச் சொல்லு"
என்று கேட்டபடியே பாலை ஊற்றியிருக்கிறேன்.

கடைப் பொடியன், சட்டையில் லென்னார்ட் என்று பெயர்,
எனக்கு விடை தெரியாதென்று நினைத்துவிட்டான்.
பக்கத்தில் குந்தி, மாட்டைத் தொட்டுக் காட்டி,
உதட்டைக் குவித்து "கூ" என்றான்.
நன்றி சொன்னேன்.
பதினான்கு வருடமாக எனக்கு
அந்த மாட்டைத் தெரியும்.

அலமாரிக் கோடியில் ஓர் ஆந்தை.
காட்சிக்கு வைத்தது, ஒரு காதில் பல் தடம்.
"எத்தனை அப்பிள்?" தொண்டை கட்டின குரல்.
பிறகு ஒன்றுமில்லை.
ஐந்து. ஆறு. கீழே தெருவில் யாரோ குடை விரித்தார்கள்.
ஒன்பது. பத்து.
பன்னிரண்டில், நித்திரையால் எழும்பினதுபோல்,
"பரவாயில்லை... இன்னொருமுறை... பார்ப்போமா?"

லென்னார்ட் ஓடிவந்தான்.
மன்னிக்கவேணும், பேட்டரி இறங்கிவிட்டது,
புதிதாக ஒன்று எடுத்துத் தருகிறேன்.
இதுதான் வேணும்.
இது பழுது.
தெரியும்.
அவன் பேச்சிழந்து நின்றதையும்
பழக்கதோஷத்தில் எண்ணினேன், ஏழு.
மேலாளரிடம் கேட்டு வந்தான்:
பதினெட்டு யூரோ, திருப்பி எடுக்கமாட்டோம்.

வீட்டில் ரூபன், நல்ல மனுசன்,
நான் கோட்டைக் கழற்றுமுன்னே
திருகாணிச் சாவியோடு நிற்கிறார்.
"பேட்டரி போயிட்டுது, மாத்திவிடுறன்."
"தொடாதேங்கோ."
"ஏன்?"
பதில் சொல்ல எனக்கும் கொஞ்சம் நேரம் எடுத்தது.

ஆந்தை கேட்டது.
துவாரகன் ஆந்தையைப் பார்த்தான்.
ரூபனின் உள்ளங்கையில் புது பேட்டரிகள் இரண்டு,
வாயில் ஒரு விடை, தள்ளிக்கொண்டு நிற்கிறது,
கண்ணாலேயே அதட்டினேன்.

"மூன்று அப்பிள்," என்றான் பிள்ளை,
"ஒன்றில் புழு போன ஓட்டை இருக்கு."

குனிந்து பார்த்தோம். இருந்தது,
அச்சுப் பிழையோ என்னவோ, ஒரு கறுப்புப் புள்ளி.

பொத்தானை அவன் அமத்தவே இல்லை.
ஆந்தை இன்னும்
காத்துக்கொண்டிருந்தது.