மருந்துத் துண்டின் பின்பக்கம்

செவ்வாய்க்கிழமை கிளினிக். இலக்கம் அறுபத்திரண்டு.
வெளியில் மழை, வோட் பிளேஸ் முழுக்க ஹோர்ன்.
நனைந்த சாரத்தோடு மருதவீரன்.
அவருக்குப் பின்னால், கதவோடு ஒட்டியபடி,
யதுர்ஷன். பதினைந்து.

எட்டு மாதம் ஒளித்து வைத்திருக்கிறான்.
இருமினால் வரும், படுத்தால் போகும் ஒரு வீக்கம்.
பள்ளிக்கூடத்தில் புத்தகப்பையை
முன்னுக்குப் பிடித்தே நடந்தானாம்.

பெரிய டொக்டர் சிங்களத்தில் சொல்கிறார்,
தமிழாக்குவது என் வேலை.
கவட்டுக் குடலிறக்கம் என்றேன்.
"குடல் எறங்கிருச்சு" என்றார் தகப்பன்,
வரிசையில் இருந்த அத்தனை பேருக்கும் விளங்க.
பையன் சுவரைப் பார்த்தான்.

துண்டைத் திருப்பிப் படம் கீறினேன்.
ஒரு கோடு: அடிவயிறு மடியும் இடத்தில்,
என் சுண்டுவிரல் நீளம்.
திறந்து, பையைப் பிரித்து, கழுத்தில் கட்டி, மூடுவது.
மூன்று புள்ளி: தொப்புளில் ஒன்று, பக்கங்களில் இரண்டு.
வயிற்றைக் காற்றால் ஊதி
கெமராவை விட்டு உள்ளுக்குள்ளேயே கட்டுவது.
சாவித்துவார ஒப்பரேஷன் என்றேன்.
"எட்டிப் பாக்குறது தப்பும்பாங்களே" என்றார் மருதவீரன்.
பெரிய டொக்டருக்கு அதை மொழிபெயர்க்க,
அவரும் சிரித்தார். பையன் சிரிக்கவில்லை.

எது நல்லது என்று கேட்டார்கள்.

என் புத்தகத்தில் குழந்தைகளுக்கு ஓர் அத்தியாயம்,
ஒரு முடிச்சு போதும் என்று எழுதியிருக்கும்.
பெரியவர்களுக்கு இன்னொன்று, வலை வைத்துத் தை என்று.
மீசை அரும்பிய இவனோ
இரண்டுக்கும் நடுவில், பின் அடித்த இடத்தில் கிடக்கிறான்.
வளரும் உடம்புக்குள் வளராத வலையை
யார் துணிந்து வைப்பது,
யார் துணிந்து வைக்காமல் விடுவது?

கெமரா என்றால் மற்றப் பக்கமும் தெரியும் என்றேன்.
அங்கும் கதவு சாத்தாமல் இருந்தால் கட்டிவிடலாம்.
ஆனால் சாத்தாத கதவால் எல்லாம் ஆள் வருவதில்லை.
நோவு கொஞ்சம் குறையும் என்கிறார்கள், ஒருநாள், இரண்டு நாள்.
திரும்பி வருமா? ஏறக்குறைய ஒன்றுதான்,
கட்டுகிற கையைப் பொறுத்தது.
இந்த வயதுக்கென்று இருக்கிற கணக்குகள் சின்னவை, ஐயா.
நிச்சயமாக எனக்குத் தெரியாது.

கடைசி இரண்டு வரியும் பெரிய டொக்டர் சொல்லாதவை.

மருதவீரன் கதிரையைக் கிட்ட இழுத்தார்.
"வெங்காய மூட்டை, டொக்டர்.
லீவுல அஞ்சாங் குறுக்குத் தெருவுக்குக் கூட்டிட்டுப் போனேன்.
நாந்தான் பண்ணிட்டேன்."
இல்லை, பிறக்க முந்தியே மூடியிருக்க வேண்டிய வழி இது,
மூட்டை வந்து கதவைத் தட்டியது, அவ்வளவுதான் என்றேன்.
மூன்று தடவை சொன்னேன்.
மூன்று தடவையும் தலையாட்டினார்,
நம்பாதவர்கள் ஆட்டுகிற மாதிரி.

பிறகு சாரத்தை இரண்டு விரல் இறக்கிக் காட்டினார்.
கோணியை அவசரத்தில் தைத்ததுபோல் ஒரு தழும்பு,
அதற்கு மேல் இன்னொன்று.
"பத்தாம் நாளே மூட்டை தூக்கிட்டேன். திரும்பி வந்துருச்சு."
அவனும் குனிந்து பார்த்தான்,
அப்பாவிடம் அது இருப்பது அதுவரை தெரியாதவனாய்.

"டொக்டர்..." முதல் பேச்சு.
"எதுல கொஞ்சப் பேரு பாப்பாங்க?"

அதற்கு நான் படம் கீறியிருக்கவில்லை.
புள்ளி என்றால் அறை முழுக்க ரி.வி.யைப் பார்க்கும்,
உள்ளே பார்க்கும், உன் முகத்தை இல்லை.
கோடு என்றால் நாலு பேர். நான் ஒருத்தி.

"நீங்க எது செஞ்சிருக்கீங்க?"

கோடு, இருநூறுக்கு மேல்.
புள்ளி, பதினொன்று. பக்கத்தில் ஒருவர் நிற்க.
மெஷின் ஒன்றுதான், முறை வர நாலு மாதம்.
கோடு, அடுத்த வியாழக்கிழமை.

விரலைக் கோட்டின்மேல் வைத்தான்.
மழைக்கை. மை கரைந்து
கோடு கொஞ்சம் நீண்டுவிட்டது.

அரை மணித்தியாலத்தில் திரும்பி வந்தார்கள்.
மருந்து கொடுக்கிற இடத்தில் கேட்டார்களாம்,
இது படமா, மருந்தா என்று.
வேறு துண்டு எழுதிக் கொடுத்தேன்.
பழையதைக் கேட்டேன்.
தரவில்லை, நாலாக மடித்துச்
சட்டைப்பையில் வைத்துக்கொண்டான்.

அறுபத்திநாலு வாங்க என்றேன்.
அறுபத்திமூன்று கோபித்துக்கொண்டார்.