பொய்ப்பல்

கனத்தை மயானத்து மதிலுக்கு எதிரே
மூன்றாம் மாடியில் என் வேலை.
மேசை நிறைய மெழுகு, சாந்து,
யார் யாருடையதோ தாடைகள்.

வஸ் கால மழைக்குள்
பத்தரைக்கு வந்தார் தேரர்.
எண்பத்து நாலு வயது.
குடையைத் தானே மடக்கினார்.
மூச்சு வாங்கியது டிரைவருக்கு.
பன்னிரண்டுக்குள் தானம் முடியவேண்டும்,
அதற்குள் பல் வேண்டும்.

மேல்வரிசை. கீழ்வரிசை.
கண்ணாடியை நீட்டினேன், வாங்கவில்லை.
"ஏதாவது சொல்லிப் பாருங்கோ ஹாமுதுருவனே,
ஸகரம் வாற மாதிரி."
"முஸாவாதா வேரமணி" என்றார்.
பொய் சொல்லாமை. நாலாவது சீலம்.
ஸாவில் விசிலடித்தது.

கழற்றி அராவினேன். மறுபடி முஸாவாதா.
மறுபடி விசில்.
அவருக்குச் சிரிப்பு வந்துவிட்டது.
"சிங்களத்தில் இதற்குப் பொரு தத்.
உங்கள் பாஷையில்?"
"பொய்ப்பல்."
"நல்லது. இதிலாவது ஒத்துப்போகிறோம்."

பிறகு, மழையைப் பற்றிக் கேட்பதுபோல,
"எந்த நாட்டுப் பல்?"
"ஜெர்மனி."

பில்லில் அப்படித்தான் எழுதியிருந்தேன்.
பணம் கட்டியவர் பாணந்துறை டயர் முதலாளி பியசேகர.
புண்ணியத்துக்குச் செய்கிறவர் விலை கேட்பதில்லை.
பெட்டியில் வேறு நாட்டின் பெயர்.

அவர் ஜன்னலால் மயானத்தைப் பார்த்தார்.
"அந்த ஜூலையில்
இங்கிருந்து இரண்டு தெரு தள்ளி இருந்தேன்.
பன்சலைக் கேற்றைத் தட்டினார்கள்.
ஒரு தாய், இரண்டு பிள்ளைகள்,
தலையில் ஒரு தையல் மெஷின்.
இடமில்லை என்று நான் சொல்லவில்லை.
ஒன்றுமே சொல்லவில்லை.
பொய் சொல்லாதபடியால்
சீலம் உடையவில்லை என்று
விடியும்வரை கணக்குப் பார்த்தேன்.
அன்று என் வாயில்
முப்பத்திரண்டும் இருந்தன."

அராவி என் கையில் ஓடிக்கொண்டேயிருந்தது,
எதையும் தொடாமல்.

"விழிப்பு என்றால் ஏதோ வெளிச்சம் என்று
நாற்பது வருடம் உபதேசம் செய்தேன்.
பல் விழுந்த இடத்துக்கு
நாக்குப் போய்ப் போய் வருகிறதே,
வேண்டாமென்றாலும், நித்திரையிலும்,
அவ்வளவுதான் அது."

எனக்கு அப்போது பதினாலு.
மருதானையில் பஸ்ஸை மறித்தார்கள்.
பெயர் என்ன என்றார்கள்.
நிலந்தி என்றேன்.
திலகேஸ்வரி நான்.
எனக்குப் பின்னால் இருந்த மனிதர்
தன் சொந்தப் பெயரைச் சொன்னார்.

இதை நான் அவரிடம் ஏன் சொன்னேன்,
பிள்ளைகளுக்கே சொல்லாததை?
"அதுவும் முஸாவாதாவா?" என்று கேட்டேன்.
குரல் கொஞ்சம் உயர்ந்துவிட்டது.
டிரைவர் எட்டிப் பார்த்தான்.

தேரர் பற்களைக் கழற்றி
உள்ளங்கையில் வைத்துக்கொண்டார்.
கன்னம் குழிந்து, சொல் குழைந்து,
"அந்தப் பொய் உங்களுடையதல்ல.
உங்கள் வாயில் நாங்கள் பொருத்தியது.
அதைக் கழற்றவேண்டியது நாங்கள்."

எச்சில் துடைத்தார்.

"ஜெர்மனி மட்டும் உங்களுடையது."

பதினொன்றேகால்.
முன்பல்லின் பின்புறம் ஒரு மயிரிழை
அராவிக் கொடுத்தேன்.
முஸாவாதா சுத்தமாக வந்தது.
ஐந்தாவதைச் சொல்லிப் பார்த்தார்.
சுராவில் விசில்.
"பரவாயில்லை. அதை நான் தொடுவதேயில்லை."
படியிறங்கும்போதும்
தனக்குள் சிரிப்பது கேட்டது.

மூன்று நாளாயிற்று.
பில் புத்தகம் லாச்சிக்குள்.
பியசேகரவின் இலக்கத்தை எடுத்துவைத்திருக்கிறேன்,
இன்னும் அழுத்தவில்லை.
என் பற்களெல்லாம் சொந்தப் பற்கள்,
ஒன்றுகூட விழவில்லை.
இருந்தும் நாக்கு
இரவெல்லாம்
எண்ணிக்கொண்டிருக்கிறது.