கேட்க அனுமதி கோரி

இருபத்தைந்து கேள்வி வரை கேட்கலாம்.
உட்கேள்வியும் அந்தக் கணக்கில்தான் சேரும்.
போன வசந்தத்திலேயே எல்லாவற்றையும் தீர்த்துவிட்டேன்,
சம்பள நாளில் ஊதாரி தீர்ப்பதுபோல:
நிறுவனத்தின் முழுப்பெயர், காப்பீட்டின் உச்சவரம்பு,
அன்று வேலையில் இருந்தவர்களின் பூட்ஸ் அளவு
(சும்மா சொன்னேன். ஆனால் ஏழாவது கேள்வி
அதைவிட உருப்படியில்லை).

நவம்பரில் பதினொரு பெட்டி வந்தது.
பராமரிப்புப் பதிவேட்டில் மார்ச் பதினொன்று.
புரட்டினால் மார்ச் பதினான்கு.
கிழித்த தடமே இல்லை.
பக்க எண் மட்டும் 212-லிருந்து 215-க்கு
சேறு பார்த்தவன்போல் தாண்டியிருந்தது.

ஓர்லின் ட்வைட்டன் கோதுமைக் குதிருக்குள் இறங்கியது
மார்ச் பதின்மூன்று, ஒன்பதே கால் மணிக்கு.
ஆள் உள்ளே இருக்கையில்
அடியில் திருகுக்குழாய் ஓடக் கூடாது.
ஓடியது.

மனு எழுத உட்கார்ந்தேன். ஃபார்கோவில் மைனஸ் இருபத்திரண்டு,
ஜன்னலுக்கு உட்புறமே பனி.
‘மாண்பமை நீதிமன்றம் தயைகூர்ந்து
மேலும் ஒன்பது வினாக்களுக்கு...’
தயைகூர்ந்து என்பதை அடித்தேன்.
மறுபடி சேர்த்தேன்.
இது எதிர்த்தரப்புக்குப் பெருஞ்சுமை அல்ல.
வேறு வழியில் கிடைக்கக்கூடியதும் அல்ல.
முன்பே ஏன் கேட்கவில்லை எனில்,
இல்லாத பக்கம் ஒன்று இருந்தது
அப்போது தெரியாது.
மனு முழுவதிலும் எனக்குப் பிடித்த வரி அது ஒன்றே.

மாரிட் வந்தாள். கோட்டைக் கழற்றவில்லை.
சர்க்கரை ஆலையில் இரவு முறை முடித்த கண்களோடு
ஒன்பதையும் படித்தாள்.
“என் கேள்வி இதில் இல்லையே.”
எது?
“கூப்பிட்டானா என்று.”

அதற்கு விதியில் இடமில்லை எனச் சொல்ல வாய் திறந்தேன்.
சொல்லாமல், ஒன்பதாவதை அழித்துவிட்டு எழுதினேன்:
சம்பவ நேரத்தில் குரலெட்டும் தொலைவில் இருந்த
ஒவ்வொருவரின் பெயர், முகவரி,
அவர் செவியுற்ற ஒலியின் தன்மை.
இரண்டு முறை படித்தாள்.
“இதையா நான் கேட்டேன்?”
இதைத்தான். சட்டை மாற்றியிருக்கிறது.

தொலைபேசியில் விசாரணை, பதினெட்டு நிமிடம்.
பூதம் வேண்டுமென்றே கிணறு வெட்டுகிறார் என்றார்
எதிர்த்தரப்பு வக்கீல்.
நீதிபதி இருமினார்.
ஒன்பது அதிகம், நான்கு தருகிறேன்,
எந்த நான்கு என்பது உங்கள் பாடு.

பதிவேட்டுக்கு மூன்று போயிற்று.
நான்காவதைத் திருகுக்குழாயின் பூட்டுக்குத் தந்திருக்க வேண்டும்.
சாவி யாரிடம்? எந்த வக்கீலும் அதைத்தான் கேட்பான்.
என் கூட்டாளி இன்னும் என்னோடு சரியாகப் பேசுவதில்லை.

முப்பது நாள் கெடு. முப்பதாம் நாள் மாலை வந்தது.
‘இருபத்தொன்பதாம் வினா: ஆட்சேபிக்கிறோம்.
தெளிவற்றது, பொருத்தமற்றது.
அவ்வாட்சேபங்களை விட்டுக்கொடாமல் விடையளிக்கிறோம்:
ஒருவர். டேரில் கோஸ்மன், லாரி ஓட்டுநர்.
இயந்திர இரைச்சலுக்கு நடுவே
ஒரு பெயர் காதில் விழுந்ததாக நினைவு.’

எந்தப் பெயர் என்று இல்லை.

அது முப்பதாவது கேள்வி.
புதுத் தாள் எடுத்தேன். மாண்பமை நீதிமன்றம் தயைகூர்ந்து...
இம்முறை அந்தச் சொல்லை அடிக்கவில்லை.